முகமூடிக்காரனும் என் நானாவும்

எனக்குப் பன்னிரண்டு வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்தது. கம்பளையில் வாப்பாவின் புடவைக் கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. ஆறு கிழமை அறையை விட்டு நான் வெளியே வரவில்லை.

நானா, என் அண்ணன், தினமும் ரயிலேறிக் கண்டியில் படிக்கப் போய் வந்தார். காய்ச்சல் சற்றுத் தணிந்த பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் எனக்கொரு ஆங்கிலப் படக்கதைப் புத்தகம் வாங்கி வந்தார். கறுப்பு முகமூடி போட்ட ஒரு மனிதன் ஆகாயத்தில் பறப்பான். உடைந்த பாலத்தைத் தோளில் தாங்கி ரயிலைக் கடக்க விடுவான். கட்டிலருகே வரக் கூடாது என்று உம்மா தடுத்திருந்ததால், நானா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து தமிழில் சொல்வார். கள்வனுக்கு மூக்கால் பேசுவார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். அடுத்த வெள்ளி வரை அதே படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வெள்ளி இரண்டு புத்தகங்கள் கொண்டுவந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நானா, இண்டைக்கு ஸ்கூல் பக்கம் போனீங்களா? டீச்சர் என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சுகமானதும் வரச் சொன்னாங்க."

அதை நம்பித்தான் கசப்பு மருந்தையெல்லாம் முகம் சுளிக்காமல் குடித்தேன்.

எழுந்து நடக்கத் தொடங்கிய அன்று அலுமாரியைத் திறந்தேன். என் பாடப் புத்தகங்கள் ஒன்றுகூட இல்லை. உம்மாவிடம் ஓடினேன்.

"அதெல்லாம் சாச்சிட சின்ன மகளுக்குக் குடுத்தாச்சு. ஒனக்கு இனி ஸ்கூல் இல்ல மகள், வளந்த புள்ள தானே. வாப்பா பேர வெட்டச் சொல்லிட்டார். நானாதான் கடுதாசி கொண்டுபோய்க் குடுத்தான். ஒனக்கிட்ட செல்லல்லயா?"

எந்த நாள் என்று கேட்டேன். இரண்டு புத்தகங்கள் வந்த வெள்ளி.

பின்னேர ரயிலில் வந்த நானாவை வாசலிலேயே மறித்தேன்.

"அப்ப செல்லியிருந்தா காய்ச்சல் கூடியிருக்கும்," என்றார். "வாப்பாட பேச்சுக்கு மேல நான் என்னத்தச் செய்ய?"

"செய்ய ஏலாதுதான். டீச்சர் வரச் சொன்னாங்கண்டு ஏன் சென்னீங்க?"

அவர் சப்பாத்தைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டார்.

அடுத்த வெள்ளியும் புத்தகம் வந்தது. இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் யாரும் பார்க்காதபோது எடுத்துப் படங்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு அதிக ஆத்திரம். பார்த்ததை அவரிடம் சொல்லவுமில்லை, கதை கேட்கவுமில்லை. சில கிழமைகளில் அவரும் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. சோறு போட்டுக் கொடுத்தேன், பேசினேன். ஆனால் சில வருடங்கள் கழித்து எனக்கொரு கலியாணப் பேச்சு வந்தபோது, "நல்ல மனிசன், நான் விசாரிச்சிட்டேன்," என்று நானா சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போனதும், மாப்பிள்ளையின் ஊரான கலகெதரையில் கட்டிக்கொடுத்திருந்த சாச்சியின் மூத்த மகளுக்கு ஆளனுப்பி, அந்த மனிதரைப் பற்றி மறுபடி விசாரிக்கச் சொன்னேன்.