பின்னோக்கி ஏறிய ஜீப்

அப்பா ஒரு ஜீப் வைத்திருந்தார் என்பதைவிட, அந்த ஜீப்தான் அப்பாவை வைத்திருந்தது என்று சொல்லிவிடலாம். பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய வண்டி. ஏலப்பாறையிலிருந்து குமுளிக்கு ஏலக்காய் மூட்டை ஏற்றிப் போவார். காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் எங்களுக்குக் காப்பி. எனக்கு அப்போது எட்டு வயது. எழுபதுகளில் எங்கள் பக்கம் மழை நின்றாலும் மூடுபனி நிற்காது. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த வருஷங்களில் எல்லாமே ஈரமான வெள்ளைத் துணிக்குப் பின்னால் நடந்தது போலிருக்கிறது.

அந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. மெத்தையைத் தூக்கிவிட்டுத்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். மூடி சரியாக உட்காராது. வளைவுகளில் உள்ளே அலம்பிக் கொஞ்சம் கசியும். வண்டி முழுக்க வாடை. எனக்கு அது பிடிக்கும். கண்ணை மூடி முகர்ந்தால் மிதப்பது போலிருக்கும். அம்மாவுக்கு மட்டும் ஆகவே ஆகாது. கல்யாணமாகி மலைக்கு ஏறிய நாளிலேயே வாந்தி எடுத்தவள், அன்று முதல் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். அப்பாவிடம் இருந்தது ஒரே பதில்: "பழகிரும்."

ஒன்பது வருஷமாகியும் பழகவில்லை. மலையடிவாரத்தில் கம்பத்து மாமா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். திரும்பும்போது அம்மா வண்டியருகே வந்து நின்றாள், ஏறவில்லை.

"நாஞ் சொல்லி நீங்க எதத்தான் கேட்டீக? இனி இந்த நாத்தத்துல நான் ஏறல."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அப்பா பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். மெதுவாகச் சொன்னதால் அவர் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸில் போகலாமே என்று மாமா கேட்டதற்கு அம்மா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அப்பா என்னை மட்டும் அழைத்துக்கொண்டு மலையேறினார்.

மூன்று வாரம் அப்பாவின் கஞ்சியைக் குடித்தோம். அதைக் கஞ்சி என்று அவர் சொன்னதால் நானும் நம்பினேன். அம்மா எப்போது வருவாள் என்று தினமும் கேட்பேன். "வருவா" என்பார், என்னைப் பார்க்காமல். இரவில் அம்மாவின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு படுப்பேன். அவள் வரவே மாட்டாளோ என்ற பயம் எனக்கு இருந்தது; அதை வெளியே சொன்னால் நிஜமாகிவிடும் என்று சொல்லாமலே வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா டிரைவர் சீட்டைக் கழற்றி முற்றத்தில் வைத்தார். இருந்த பெட்ரோலைக் கேனில் வடித்துவிட்டு டேங்கை வெளியே எடுத்தார். அதை வண்டியின் பின்னால், தரைத் தகட்டுக்கு அடியில், இரண்டு இரும்புப் பட்டைகளில் தொங்கவிட்டார். பெட்ரோல் ஊற்றும் வாய் வண்டிக்கு வெளியே வரும்படி வைத்து, நல்ல மூடியாக ஒன்று போட்டார். இஞ்சின் வரைக்கும் செப்புக் குழாய் இழுக்கும்போது ஒரு முழம் பற்றவில்லை. வேறு குழாய்க்கு எங்கே போவது? டேங்கையே அரைவட்டம் சுற்றி, குழாய் கிளம்பும் வாய் முன்பக்கம் பார்க்கும்படி மாட்டினார். குழாய் எட்டியது. டேங்கை நிரப்பி ஊர் ஏற்றத்தில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தார். வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. அப்பா விசிலடித்துக்கொண்டே கை கழுவினார்.

அடுத்த ஞாயிறு கம்பத்துக்குப் போனோம். மாமா வீட்டு வாசலில் அம்மா டிரைவர் சீட்டு மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் வெறும் பள்ளம். அதற்குள் கையைவிட்டுத் துழாவி, விரலை முகர்ந்தாள். பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் முன்சீட்டில். அவள் மனம் மாறுவதற்குள் மலையேறிவிட வேண்டுமென்று அப்பா அவசரப்பட்டார். வாரம் முழுக்க மூட்டையடித்து டேங்கில் கால்வாசிதான் மிச்சமிருந்தது. அதைக்கூட நிரப்பாமல் கிளம்பிவிட்டார்.

மலைப்பாதையில் பாதி ஏறியதும் வண்டி திக்கித் திக்கி நின்றது. கிளப்பினார், பத்தடி போய் மறுபடி நின்றது. மூன்றாம் முறை அப்பா இறங்கிப் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, திறந்ததற்காகவே பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"கம்பம் போறியாம்மா? ஏறு, எடம் இருக்கு."

அம்மாவின் கை பையின் மேல் இருந்தது. நான் தாவிப் போய் அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்பா திரும்பிப் பார்த்தார். போகாதே என்று சொல்லத் தெரியாத மனுஷன்.

"போறதுன்னா போ. நாந் தடுக்கல."

அம்மா ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "வண்டிக்கு என்னா?" என்று கேட்டாள்.

வண்டியைப் பற்றி அம்மாவிடம் அப்பா விளக்கம் சொன்னதை அன்றுதான் கேட்டேன். குழாய் பற்றாமல் டேங்கைத் திருப்பி மாட்டியது, ஏற்றத்தில் பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வது, முன்பக்கமிருக்கும் குழாய் வெறும் காற்றை உறிஞ்சுவது, எல்லாம் சொன்னார். கடைசியில், "அவசரத்துல பெட்ரோலும் போடல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "கொடத்தச் சாச்சா சாச்ச பக்கந்தான தண்ணி ஓடும்? மூஞ்சி பள்ளத்தப் பாக்கட்டும். வண்டியத் திருப்பிப் பின்னாலயே ஏத்துங்க."

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பானெட்டை மூடினார். கண்டக்டர் விசில் கொடுக்க, பஸ் காலியிடத்தோடு இறங்கிப் போயிற்று.

வண்டியைத் திருப்பிக்கொண்டு நாங்கள் பின்பக்கமாக மலையேறினோம். இஞ்சின் ஒருமுறைகூடத் திக்கவில்லை. மறுபடி முன்சீட்டுக்கு வந்துவிட்ட எனக்கு முன்னால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. தென்னந்தோப்புகள், வயல்கள், வெயிலில் மினுங்கும் ஒரு கண்மாய் எல்லாம் எங்களைவிட்டு மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தன. நாங்கள் அசையாமல் இருக்க, பூமிதான் இறங்குகிறது என்று தோன்றியது. பிறகு பனி வந்து அதையும் மூடிற்று. முதுகுக்குப் பின்னால் குரல்கள் மட்டும் கேட்டன. அப்பா கழுத்தை முழுக்கத் திருப்பி, அம்மா இருந்த பக்கமே பார்த்தபடி ஓட்டினார்.

"இப்ப?"

"மலப்பக்கம் ஒடிங்க. இன்னுங் கொஞ்சம்."

"போதுமா?"

"போதும். லாரி வருது, நிறுத்துங்க."

நின்றார். போகச் சொன்னாள், போனார். ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக் கேட்டு ஓட்டினார். நடுவில் என்னவோ மெதுவாகச் சொன்னார். அம்மா மூக்கை உறிஞ்சினாள், அப்புறம் சிரித்தாள். அவ்வளவு நேரம் அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. பாதையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஏற்றம் முடிந்தது. குமுளிக்கு முன்னால் சாலை சமமாகி, இரண்டு லாரி சேர்ந்து திரும்பும் அளவுக்கு அகலமாயிற்று. அங்கேயும் வண்டி பின்பக்கமாகவே ஊர்ந்துகொண்டிருந்தது. "இப்ப?" என்று அப்பா கேட்கிறார், "நேராப் போங்க" என்று அம்மா சொல்கிறாள். கடைவாசலில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பெரியவர்கள் இரண்டு பேரும் மறந்தே போய்விட்டார்கள் என்று நினைத்து, நான்தான் கத்தினேன்:

"அப்பா, மேடு முடிஞ்சிருச்சு! வண்டியத் திருப்புங்க!"