அழிக்காமல் விட்ட பெயர்

என் பிரஷ் டப்பாவில் ஒரு நீலச் சாக்பீஸ் துண்டு கிடக்கிறது. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் அல்ல. துணி வெட்டுவதற்கு முன் டெய்லர் கோடு போடுவாரே, அந்தத் தட்டைச் சாக்பீஸ். ஒரு காலத்தில் முக்கோணமாக இருந்தது. இப்போது தேய்ந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் அதைத் தூக்கி எறியும்போதெல்லாம் தேடி எடுத்து வைத்துவிடுவேன். எதற்கு என்று கேட்டால் சொன்னதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எழுத்து மட்டும் அழகாக வந்ததால் பெயின்டர் ஆனேன். ஏற்காட்டு மலையில் கடைப் பலகை, எஸ்டேட் கேட், பஸ்ஸின் நெற்றி என்று நான் எழுதாத இடம் குறைவு. நான் வாய் திறந்து பேசிய இடம் அதைவிடக் குறைவு.

மஞ்சக்குட்டை பஸ் நிறுத்தத்தில் எங்கள் கட்சிக் கிளையின் தகரப் பலகை நின்றது. அதை எழுதியவனும் நான்தான். மேலே கட்சியின் பெயர், நடுவில் ஊரின் பெயர், அடியில் ‘செயலாளர்’ என்று போட்டுப் பக்கத்தில் அவருடைய பெயர். எண்பதுகளில் சட்டமன்றத் தேர்தலில் தோற்றோம். மூச்சு விடுவதற்குள் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது, அதிலும் தோற்றோம். மறுநாள் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சும் காப்பியும் போட்டிருந்த மலை விவசாயி, நல்ல மனிதர், மேடையில் ஏறினால் மட்டும் இறங்கத் தெரியாது. வாசலில் நின்றபடியே, “எம்பேர அழிச்சுடு சாமி. தோத்தவன் பேரப் பாத்துட்டுத்தான் சனங்க பஸ் ஏறோணுமா?” என்றார். உள்ளே வந்து காப்பி குடியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் போய்விட்டார். அன்று மாலையே அந்தப் பெயரின் மேல் வெள்ளை எனாமல் அடித்தேன். ‘செயலாளர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு காலி இடம்.

அந்த இடத்துக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டார்கள். ஒருவர் எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் மரம் வெட்டும் காண்ட்ராக்டர். இன்னொருவர் ஊருக்கு ஷேர் ஜீப் விட்டிருந்த ஜீப்காரர். கிளைக் கூட்டம் போட்டால் இருவரும் தோல்விக்குக் காரணம் தேட ஆரம்பிப்பார்கள். “ஓட்டுப் போடற அன்னைக்கு உங்க ஜீப்பு எங்கீங்க போச்சு?” என்பார் காண்ட்ராக்டர். “கல்யாணத்துக்குப் போச்சுங்க. நீங்க எங்க போயிருந்தீங்க?” என்பார் ஜீப்காரர். “நானும் அந்தக் கல்யாணத்துக்குத்தான் போயிருந்தேன்” என்று காண்ட்ராக்டர் கோபமாகச் சொல்வார். மற்றவர்கள் பாதிப்பாதியாகப் பிரிந்து கத்துவோம். கத்துவோம் என்றால் அவர்கள் கத்துவார்கள், நான் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். மூன்று கூட்டம் இப்படிப் போனபின் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தை பிறப்பதற்குள் ஒருமனதாக ஒரு செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளையைக் கலைத்துப் பக்கத்து ஊரான தலைச்சோலையின் கிளையோடு சேர்த்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. எதிர்க்கட்சிக்காரர்களிடம் தோற்பதைக்கூட நாங்கள் பொறுத்துக்கொள்வோம். தலைச்சோலைக்காரர்களுக்குக் கீழே போய் உட்காருவதை எப்படிப் பொறுப்பது?

பலகைக்கு நேர் எதிரே எதிர்க்கட்சி டெய்லரின் கடை. காலி இடத்தைப் பார்த்ததும் அவருக்குக் கை அரித்திருக்கிறது. எனாமல் மேல் சாதாரணச் சாக்பீஸ் வழுக்கும். அவருடைய மெழுகுச் சாக்பீஸோ ஒட்டிக்கொண்டு பிடிக்கும். முதல் நாள் ‘செயலாளர்: ஆள் தேவை’ என்று எழுதினார். அடுத்த நாள் ‘செயலாளர்: காட்டெருமை’. அதற்கடுத்த நாள் எஸ்டேட் கேட்டில் படுத்திருக்கும் நாயின் பெயர். தினமும் காலையில் முதல் பஸ் வருவதற்குள் ஈரத்துணியோடு போய் அழிப்பது என் வேலையானது. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நான் எழுதிய பலகை, மனது கேட்கவில்லை. “ஏனுங்க பெயின்டரே, நாய் வேண்டாம்னுட்டுதுங்களா?” என்று டெய்லர் கடைக்குள்ளிருந்து கேட்பார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அதை மறைக்கக் குனிந்துகொண்டு துடைப்பேன்.

இனி சோத்தக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தேர்தல் என்றால் கட்சிக்காரர்களுக்குச் சோறு ஆக்குவது அவர். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் சோத்தக்காதான். கட்சியின் உறுப்பினர் சீட்டு அவரிடமும் இருந்தது, கூட்டத்துக்கும் வருவார், ஆனால் எல்லோரும் அவரை வரக்காப்பி போடத்தான் கூப்பிட்டார்கள். கட்சிக்கென்று ஓர் அண்டாகூடக் கிடையாது. அக்கா வீடு வீடாகப் போய் அண்டா, தவலை, குண்டான், கரண்டி என்று இரவல் வாங்கி வருவார். எங்கள் வீடு, எதிர்க்கட்சி வீடு என்று பார்க்க மாட்டார். டெய்லர் வீட்டுத் தேக்சாவில்தான் எங்கள் தக்காளிச் சோறு வெந்தது. எல்லாம் முடிந்ததும் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்து, எது யார் வீட்டுடையது என்று பிரிக்க வேண்டும். பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரைப் படிப்பதற்காக நான் பக்கத்தில் உட்காருவேன், அக்காவுக்கு எழுத்துத் தெரியாது என்பதால். ஆனால் நான் முதல் எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். “இந்தச் சொட்டை கொட்டச்சேட்டுல இருந்து குடிவந்தவங்க ஊட்டுது. அவங்க மருமக மாசமா இருக்கறா, தூக்க முடியாம கீழ போட்டுட்டா. இதா, இந்தக் காது ஒடஞ்சது மேட்டு ஊட்டுது. அவங்களுக்கு இன்னும் தண்ணிக் கொழா வரல, கெணத்துல எறைச்சே காது போச்சு.” பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அந்த மருமகளையும் தண்ணீர்க் குழாயையும் விசாரித்துவிட்டு வருவார்.

எங்கள் கிளைக்கு வேண்டிய ஆள் இவர்தான் என்று எனக்குத் தோன்றி வெகுநாள் ஆகியிருந்தது. அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லிவிடுவது என்றுதான் போவேன். ஜீப்காரர் “வேற யாராச்சும் பேசறீங்களா?” என்று கேட்பார். நான் குனிந்து காப்பி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பேன். தை பிறக்கப் பத்து நாள் இருந்தபோது கடைசிக் கூட்டம் வைத்தார்கள். அன்று விடியற்காலையில் வழக்கம்போல் ஈரத்துணியோடு போனேன். முகத்துக்கு எதிரே கையை நீட்டினால் தெரியாத பனி. பலகையில் ‘செயலாளர்: கடைசி பஸ்’ என்றிருந்தது. துடைத்தேன். கீழே புல்லில் டெய்லர் தவறவிட்ட நீலச் சாக்பீஸ் கிடந்தது. அதை எடுத்து, என் எழுத்து என்று தெரியாதபடி கோணல்மாணலாக, காலி இடத்தில் ‘சோத்தக்கா’ என்று எழுதினேன். எழுதிவிட்டு, சாக்பீஸும் கையுமாகத் திருடனைப்போல வீட்டுக்கு ஓடி வந்தேன். வந்தபின்தான் பயம் பிடித்தது. தன்னைக் கேலி செய்துவிட்டார்கள் என்று அக்கா மனம் நொந்தால் என்ன செய்வது? அழித்துவிடலாம் என்று திரும்பி ஓடினேன். முதல் பஸ் வந்து நின்றிருந்தது.

பகலுக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. டெய்லர், “எங்கம்மா சத்தியமா இன்னைக்கு நான் எழுதலீங்க” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். யார் நம்புவது? மத்தியானம் ஜீப் ஷெட்டில் கூட்டம் கூடியதும் காண்ட்ராக்டர் வேட்டியை மடித்துக் கட்டினார். “இத்தன நாளு நாயி, எருமைன்னான். இப்ப நம்மூட்டுப் பொம்பளையவே எழுதிப்போட்டான். வாங்க, போயி நாலு வார்த்த கேட்டுட்டு வருவோம்.” அப்போதுதான் பழைய செயலாளர் வந்து சேர்ந்தார். தேர்தலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். “அவன் கேலிக்கு எழுதினானோ என்னமோங்க, நான் ரோசன பண்ணிப்போட்டுத்தான் வர்றேன். ரெண்டு எலெக்‌ஷன்ல நான் ஓட்டுக் கேக்காம உட்ட ஊடு நொம்ப உண்டு. சோத்தக்கா அண்டா வாங்காம உட்ட ஊடு ஒன்னு சொல்லுங்க பாப்போம்.”

“அண்டா வாங்கறதும் கட்சி நடத்தறதும் ஒன்னுங்களா?” என்றார் காண்ட்ராக்டர். காண்ட்ராக்டருக்கு இது பிடிக்கவில்லை என்று தெரிந்த உடனே ஜீப்காரர், “ஏன், அக்காவுக்கு என்ன கொறைச்சல்?” என்று எழுந்துவிட்டார். பதவி ஜீப்காரருக்குப் போவதற்கு அக்காவுக்கே போகட்டும் என்று காண்ட்ராக்டர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு அவரும் சரி என்றார். ஒருமனதாக என்று மாவட்டம் கேட்டதற்கு இதைவிட ஒருமனது எங்களிடம் இல்லை. அடுப்பு மூலையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் போய்ச் சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, குரலைத்தான் கேட்டேன். “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. அதுக்கு பெயின்டரு இருக்கறான். சோறு எப்பவும்போல நானே ஆக்கறேன். ஆனா இனிமே பாத்திரம் தேய்க்கறதும், அத ஊடு ஊடாக் கொண்டுபோயிக் குடுக்கறதும் ஆம்பளைங்கதான் செய்யோணும். சம்மதம்னா சொல்லுங்க, இல்லீனா காப்பியக் குடிச்சுட்டுத் தலைச்சோலைக்குப் பொறப்படுங்க.” பழைய செயலாளர்தான் முதலில் கைதட்டினார்.

மறுநாள் பலகையில் அக்காவின் சொந்தப் பெயரை எழுதினேன். நான் ஸ்டூல் மேல் நிற்க, அக்கா கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி எழுதியபோது மெதுவாகக் கேட்டார்: “ஏங்கண்ணு, தெனமும் தொடச்சு அழிச்சவன், நேத்து மட்டும் ஏன் அழிக்கல?” பிரஷ் நின்றுவிட்டது. “சரி, எழுது. பெயின்டு காஞ்சு போகுது” என்றார். அதன் பிறகு பல வருடங்கள் அதைப்பற்றி அவர் கேட்கவே இல்லை.

அடுத்த தேர்தலில் காண்ட்ராக்டர் சாம்பலும் புளியும் போட்டு அண்டா தேய்ப்பதைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வந்தது. தேய்த்த தேக்சாவை அவரே தலையில் வைத்துக்கொண்டு டெய்லர் வீட்டு வாசலில் போய் நின்றார். “மூடி எங்கீங்க?” என்று டெய்லரின் மனைவி கேட்க, மூடிக்காகத் திரும்ப வந்து, மறுபடி போனார். ஜீப்காரரிடம் வண்டி ஓட்ட டிரைவர் தம்பி ஒருவன் இருந்தான். தூரத்து வீட்டுப் பாத்திரமெல்லாம் அவன் பொறுப்பு. அந்தத் தேர்தலிலும் தோற்றோம். ஆனால் கொஞ்சம் ஓட்டில்தான். “இந்தத் தடவை நல்லாத் தோத்தோமுங்க” என்றார் காண்ட்ராக்டர் சந்தோஷமாக. அதற்கடுத்த தேர்தலில் ஜெயித்தோம். பலகையில் அந்தப் பெயரை எழுதி வைத்தவனே தான்தான் என்று டெய்லர் அன்றிலிருந்து பெருமை அடிக்க ஆரம்பித்தார். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

போன தேர்தலில் மறுபடியும் தோற்றுப்போனோம். முட்டி வலியில் அண்டா தூக்க முடியவில்லை, இனி வேறு ஆளைப் பாருங்கள் என்று அக்கா சொல்லிவிட்டார். அவர் சொன்னபடி நானே வெள்ளை எனாமல் அடித்தேன். பலகையில் மறுபடி காலி இடம். ஜீப் ஷெட்டில் மறுபடி இரண்டு கூட்டம், இரண்டு அணி, மறுபடி யாரோ போன கல்யாணம். நேற்று முன்தினம் அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “அந்த நீலத் துண்ட இன்னும் வெச்சிருக்கறயா?” என்றார். டப்பாவைத் திறந்து காட்டினேன். அன்று எழுதியது நான்தான் என்று அவருக்கு எத்தனை வருடமாகத் தெரியுமோ. “ஆரு பேருன்னு உனக்கே தெரியும். ஆனா இந்தத் தடவ பனியில ஒளிஞ்சுக்கிட்டு எழுதாத கண்ணு. ஒம்போது மணி பஸ்சு வர்றப்ப எழுது.”

இன்று காலை ஒன்பது மணிக்குப் போனேன். பஸ் நின்றது. ஜன்னலெல்லாம் தலை. டெய்லர் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்துவிட்டார். நான் ஸ்டூலில் ஏறி, அந்த நீலத் துண்டால், தூரத்து வீட்டுப் பாத்திரங்களை இத்தனை வருடமும் மூடியோடு கொண்டுபோய்ச் சேர்த்த அந்த டிரைவர் தம்பியின் பெயரை எழுதினேன். பஸ்ஸை ஒருமுறை திரும்பிப் பார்த்ததில் கடைசி எழுத்து கோணிப்போய்விட்டது. “ஏனுங்க பெயின்டரே, அப்ப அன்னைக்கும் நீங்கதானா?” என்று டெய்லர் கத்தினார். “ஆமாங்க” என்றேன். என் காதுக்கே அது சத்தமாகக் கேட்டது. ஈரத்துணி தோளில்தான் கிடந்தது. கோணிய எழுத்தை அழிக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.