கேட்டில் அடித்த மருந்தும் நான் எழுதிய ரிப்போர்ட்டும்

ஒரு புது மாடல் வெளிவந்த முதல் மாதத்தில் அதன் லட்சணம் சர்வீஸ் சென்டரில் இருப்பவனுக்குத்தான் முழுசாகத் தெரியும். சேலத்தில் அப்படியொரு சென்டரில் இருபத்திரண்டு வருடம் ஸ்குரூ டிரைவர் பிடித்துவிட்டு, போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு டேப்லெட்டின் கதையைச் சொல்கிறேன். அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

1. சாப்பாட்டு நேரத்து போன்

அந்த டேப்லெட் வந்த முதல் வாரமே புகார்கள் வந்து குவிந்தன. வைஃபை இணையும், சிக்னல் கொஞ்சம் குறைந்தாலும் தானாக அறுந்துவிடும். தலைமை அலுவலகத்தில் கேட்டால் ஒரே பதில்தான்: "அப்டேட் வரும். அதுவரைக்கும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க." நாள் முழுக்க நாங்களும் அதையே ஒப்பித்தோம்.

ஒரு மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் எடுக்கும்போது போன் வந்தது.

"நாமக்கல் பக்கத்துல கோழிப்பண்ணைங்க. ஷெட் சூப்பர்வைசர் கோமதி பேசறனுங்க. இந்த டேப்புல நெட்டு நிக்கவே மாட்டேங்குதுங்க."

முட்டைக் கோழி வளர்க்கும் பெரிய பண்ணை அது. ஐந்து சூப்பர்வைசர்களுக்கு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். தீவனம் எவ்வளவு, முட்டை எத்தனை, செத்த கோழி எத்தனை என்று தினமும் அதிலேயே அனுப்ப வேண்டும்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களாம்மா?"

"மூணு வாட்டி பண்ணிட்டனுங்க."

எனக்குப் பசி. "உங்க வீட்டுல நெட் நல்லா வருதா?" என்றேன்.

"வருதுங்க. புள்ளை படிக்கறதுக்குன்னு போட்டிருக்கறமுங்க."

"அப்ப சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி அங்கிருந்து அனுப்பிருங்க. அப்டேட் வர்ற வரைக்கும்தான்."

"சரிங்க" என்று வைத்துவிட்டார். நானும் சாப்பிட்டு முடித்து அதை மறந்துவிட்டேன்.

2. தண்ணீர் படவே இல்லை

மூன்று வாரம் கழித்து கோமதி நேரில் வந்தார். டேப்லெட்டில் சார்ஜ் ஏறவில்லை. பண்ணையின் பெயர் ரசீதில் இருந்தும் போனில் பேசிய பெண் இவர்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரித்துப் பார்த்தேன். சார்ஜிங் போர்ட்டின் பின்கள் பச்சை பூத்திருந்தன. ஈரம் பட்டால் நிறம் மாறுகிற உள் ஸ்டிக்கர் சிவந்து கிடந்தது.

"தண்ணி பட்டுச்சாம்மா?"

"இல்லவே இல்லீங்க. துணியில சுத்தி பையிலதானுங்க வெச்சிருக்கறேன்."

எங்கள் தொழிலில் தண்ணீர் பட்டது என்று ஒப்புக்கொண்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. போனை வாளித் தண்ணீரிலிருந்து எடுத்து அப்படியே கொண்டு வந்து, சொட்டச் சொட்ட நின்றுகொண்டு "தானா ஆஃப் ஆயிருச்சுங்க" என்பார்கள். இவரும் அந்த ரகம் என்று முடிவு கட்டினேன். போர்ட்டை மாற்றினேன். ரிப்போர்ட்டில் "லிக்விட் டேமேஜ், கஸ்டமர் மிஸ்ஹேண்ட்லிங்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டு நாளில் அதே டேப்லெட் அதே நோயோடு திரும்பி வந்தது. அந்தப் பண்ணையின் மற்ற நான்கும் சார்ஜ் விஷயத்தில் ஒழுங்காகவே இருந்தன. இதனால் என் சந்தேகம் உறுதியானது. இரண்டாவது ரிப்போர்ட்டையும் அதே வார்த்தைகளில் எழுதினேன்.

3. என் தோள்பைக்கும் அடித்தார்கள்

வைஃபை அப்டேட் ஒருவழியாக வந்தது. ஐந்திலும் நேரில் வந்து ஏற்றித் தர வேண்டும் என்று பண்ணை மேனேஜர் பிடிவாதமாகக் கேட்டதால் என்னை அனுப்பினார்கள்.

பண்ணைக் கேட்டில் காலைக் கிருமிநாசினி மருந்துத் தொட்டியில் முக்கச் சொன்னார்கள். முக்கினேன். அடுத்த நிமிடம் முதுகில் ஸ்பிரேயர் கட்டியிருந்த வாட்ச்மேன் என் தோள்பை மேல் 'சர்'ரென்று அடித்தார்.

"யோவ், உள்ள மீட்டரெல்லாம் இருக்குய்யா!"

"எல்லாத்துக்கும் அடிக்கோணுமுங்க. நோய் உள்ள வந்தா அத்தனை கோழியும் போயிருமுங்க. மொதலாளி வந்தாலும் அடிப்பமுங்க."

"தினம் வேலைக்கு வர்றவங்க பை மேலயுமா?"

"தெனமுந்தானுங்க."

பையைத் திறந்தேன். மருந்து துணியைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

உள்ளே போய் விசாரித்தேன். மற்ற நான்கு டேப்லெட்டுகளும் ஆபீஸ் அலமாரியை விட்டு வெளியே போனதே இல்லை. நெட் வராததால் மற்ற சூப்பர்வைசர்கள் பழையபடி நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் தினமும் வீட்டுக்குக் கொண்டு போய்க் கணக்கை ஒழுங்காக அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலையில் பையோடு கேட்டில் நனைந்திருக்கிறார். கேட்டில் அடிப்பது அவருக்குச் செருப்பு மாட்டுவது போல ஆகிவிட்ட விஷயம், அதை ஈரம் என்று யார் நினைப்பார்கள்?

மேனேஜரிடம் கோமதி எங்கே என்று கேட்டேன்.

"மறுக்கா முட்டை பொறுக்கவே அனுப்பிட்டனுங்க. அந்த வேலையிலிருந்து சூப்பர்வைசரா ஏத்துன மொதப் பொம்பளை அதுதானுங்க. ரெண்டு ரிப்போர்ட்டுலயும் நீங்களே தப்பு அதும்மேலதான்னு எழுதிட்டீங்க. பண்ணைச் சாமானை யாரு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னாங்கன்னு கேட்டேன். நானாத்தான் போனேன்னு சொல்லிருச்சுங்க."

அப்போதுதான் அந்த டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லாமல் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன், அதையும் இங்கே மறைக்கவில்லை. பிறகு, "அவங்களா போகலைங்க. நான்தான் போன்ல சொன்னேன்" என்றேன். அவர் மேஜையிலேயே மூன்றாவது ரிப்போர்ட் எழுதினேன்: முந்தைய இரண்டும் தவறு. கேட்டில் அடிக்கும் மருந்தால் வந்த பழுது. வெளியே எடுத்துப் போகச் சொன்னது சர்வீஸ் சென்டர்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். ஆளனுப்பிக் கோமதியை வரவழைத்தார். "நாளையிலிருந்து உன்ற ஷெட்டை நீயே பாரு சாமி. டேப்பு இனிமே ஆபீஸ்லயே இருக்கட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் கோமதியிடம் கேட்டேன். "போன்ல ஒருத்தர் சொன்னாருன்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"கடைக்கு வந்தன்னிக்கே உங்க கொரலு தெரிஞ்சுதுங்க" என்றார். "சொன்னா உங்களையும் வேலையை உட்டு எடுத்துருவாங்க. ஒரு டேப்புக்கு ரெண்டு பேரு வேலை எதுக்குங்க போகோணும்?"

அவர் முட்டை அட்டையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

சேலம் திரும்பியதும் என் மேனேஜர் அந்த மூன்றாவது ரிப்போர்ட்டுக்காக ஒரு மணி நேரம் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, "கஸ்டமர் மிஸ்ஹேண்ட்லிங்" என்று எழுதுவதற்கு முன்னால் எதிரே நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "இப்படிப் பண்ணச் சொல்லி யாராவது சொன்னாங்களா?" பல தடவை வந்த பதில், "உங்க ஆபீஸ்லதாங்க சொன்னாங்க" என்பதுதான்.