தொரை காடியின் சத்தம்

என்னைப் பிடிவாதக்காரி என்று இன்றைக்கும் வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டுமே. அது எங்கப்பாவிடமிருந்து வந்தது. மலாயாவில் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் வெள்ளைக்காரத் தொரையின் மோட்டார் காடியை ஓட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் மற்றவர்களெல்லாம் பால் மரம் சீவப் போக, எங்கப்பா மட்டும் தொப்பி போட்டுக்கொண்டு காடியில் போவார். எனக்கு அதில் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

முன் சக்கரத்துக்கும் பிரேக் வைத்த காடி அப்போதுதான் வந்த புதுசு. தொரை ஆசையாக வாங்கிய அந்தக் காடி, கொஞ்ச காலத்திலேயே முன்பக்கம் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பழைய டின்னை உருட்டிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். சனிக்கிழமைக்குள் சத்தம் போகவேண்டும், இல்லாவிட்டால் டிரைவர் போகவேண்டும் என்று தொரை சொல்லிவிட்டார். போனால் அப்பாவுக்குப் புல்வெட்டுதான்.

அப்பா விடுவாரா? பின்னால் தொங்கிய சக்கரம், விளக்கு, நம்பர் தகடு, ஸ்பானர் பெட்டி என்று ஆடுகிற சாமான் எல்லாவற்றையும் துணி சுற்றி இறுக்கிக் கட்டினார். சத்தம் போகவில்லை. எஞ்சினைக் குடைந்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. அம்மா சோற்றைக் காடிக் கொட்டகைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆறுது ஆறுது என்று கத்துவாள். இவர் தலையைக்கூடத் தூக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை என்னைக் காடியின் பக்கப்படியில் உட்காரவைத்துக் கயிற்றால் கட்டினார். அம்மா பார்த்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் உரித்திருப்பாள். சத்தம் வந்தால் கையைத் தூக்கவேண்டும், நின்றால் இறக்கவேண்டும். குண்டும் குழியுமான சடக்கில் மெதுவாக விட்டார். கையைத் தூக்கினேன். பிரேக்கை லேசாக மிதித்தார், சத்தம் கப்பென்று அடங்கியது. காலை எடுத்தார், மறுபடி கடகட.

“ஆப்புட்டுக்கிச்சு!” என்று ஸ்டீரிங்கைத் தட்டினார் அப்பா.

முன் சக்கரத்தைக் கழற்றி பிரேக் மூடியை எடுத்தார். உள்ளே பிறை மாதிரி இரண்டு கட்டைகள். அவற்றை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் தொளதொளவென்று கிடந்தது. பிரேக்கை மிதிக்காத நேரமெல்லாம் கட்டை ஆடுகிற பல் மாதிரி ஆடித் தட்டியிருக்கிறது. அப்பா கோப்பெங் பட்டறைக்குப் போய்ப் புது ஸ்பிரிங் வாங்கி வந்தார்.

அதை மாட்டப் போகிற நேரம் அத்தை வந்து நின்றாள். அப்பாவின் தங்கை, பக்கத்து வீடு, கைப்பிள்ளைக்காரி.

“அண்ணே, அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே. சத்தத்த வச்சுத்தானே தொரை வாரது தெரியுது? புள்ளைக்குப் பால் குடுத்துட்டு மரம் சீவுற நெரைக்கு ஓடிருவேன்.”

“என் பொழப்பு போயிரும் புள்ள” என்றார் அப்பா. ஸ்பிரிங்கை மாட்டிவிட்டார்.

அத்தைக்குப் பொறாமை, வேறென்ன! இனிமேல் எங்கப்பா காடி பூனை மாதிரி வரும் என்று லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒருத்தருக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

காடி பூனை மாதிரியேதான் போனது. அடுத்த வாரம் அத்தை, கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தொரை எதிரே போய் இறங்கினார். அன்றைய பேரை வெட்டினார், ஒருநாள் கூலி போச்சு. இன்னொரு தரம் வேலை நேரத்தில் இங்கே கண்டால் தோட்டத்தை விட்டே துரத்திவிடுவேன் என்றார். கதவைத் திறந்துவிட்டு நின்ற அப்பா அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் அத்தை நிரையை விட்டு வரவில்லை. பிள்ளை அழுத அழுகை காடிக் கொட்டகை வரைக்கும் கேட்டது. சக்கரம் துடைத்துக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தினார். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் முரண்டு பிடித்தேன். அவர் என்னை அதட்டியது அன்றைக்குத்தான்.

அதற்கடுத்த நாள் காடி பழையபடி கடகடத்தது.

தொரை கத்தியது லயத்துக்கே கேட்டது. தனக்கு இதற்கு மேல் தெரியாது என்று அப்பா தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாராம். தெரியாதா? எங்கப்பாவுக்கா? புதிதாக வந்த டிரைவருக்கும் சத்தம் பிடிபடவில்லை. அவர் எங்கள் லயத்தில் பெண் எடுத்தவர்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தப் புது ஸ்பிரிங் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. அதைக் கண்டெடுத்துத் தொரை முன்னால் நீட்டினால் அப்பாவுக்கு வேலை திரும்பிவிடும். அன்றிலிருந்து தினமும் சடக்கோரத்துப் புல்லை விலக்கி விலக்கித் தேடினேன். தேடாதேம்மா என்று அப்பா புல்வெட்டிக் காய்த்துப்போன கையால் என்னைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு மறுபடி போனேன்.

ஒருநாள் அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். என்னடி தேடுறே என்றாள். சொன்னேன். பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, அவளும் குனிந்து புல்லை விலக்க ஆரம்பித்தாள். இருட்டும் வரைக்கும் தேடினாள், மூக்கைச் சிந்திச் சிந்தித் தேடினாள். வேலை போனது எங்கப்பாவுக்கு, இவள் எதற்கு இப்படி அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.