பிரதம அதிதி வருவதற்குள்

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் பேக்கரிப் பிரிவு ஆசிரியை; இன்றும் அங்கேதான். அந்த ஆண்டு முடிவில் நடந்த சான்றிதழ் விழாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் பிறகுதான்.

எங்கள் நிலையம் பெரியதல்ல. வயரிங், குழாய் பொருத்துதல், வெல்டிங், தையல், பேக்கரி, அவ்வளவுதான். வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வருகிறவர்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோய், “இனி என்ன செய்யப்போறே?” என்று ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு நொந்துபோனவர்கள். அந்த வருடம் அத்தனை பேரும் தேறியிருந்தார்கள். அதுவும் வெல்டிங் பிரிவில் முதலாவதாக வந்தது ஒரு பெண் பிள்ளை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறவர்.

விழாவுக்குப் பிரதம அதிதி யார் என்பதை நாங்கள் தீர்மானிக்கவில்லை. மேலிடத்திலிருந்து சொன்னார்கள். பெரிய மனிதர். காலை ஒன்பது மணிக்கு வருவார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. நாங்கள் ‘சார்’ என்று கூப்பிடும் எங்கள் நிலையப் பொறுப்பதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். ஆனால் மேலிடம் என்றால் அவருக்குப் பயம். “ஒரு பிழை வந்தாலும் என்னைத்தான் கேப்பினம், டீச்சர்” என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நிகழ்ச்சியை அறிவிக்கும் வேலையை என் தலையில் கட்டினார். சிங்களமும் தமிழும் பேசத் தெரிந்தது நான் செய்த பாவம்.

பெற்றோர் ஒன்பதுக்கு முன்பே வந்துவிட்டார்கள். அன்றைய வேலையை விட்டுவிட்டு, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, சிலர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். பிள்ளைகள் செய்த இரும்புக் கேட், வயரிங் பலகை, தைத்த சட்டைகள் எல்லாம் மண்டபத்தின் ஒரு பக்கம் மேசைகளில் வரிசையாக இருந்தன. ஆனால் யாரும் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தோம். அதிதி வந்துதான் திறந்து வைக்க வேண்டுமாம். என் மாணவிகள் போட்ட கேக்கும் ரோல்ஸும் பெட்டிஸும் பின்னறையில் இருந்தன. அவையும் அவர் வந்து கேக் வெட்டிய பிறகுதான்.

பத்தானது. பதினொன்றானது. அதிதியின் செயலாளருக்கு நான் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் அவர் சிங்களத்தில் சொன்னது ஒன்றுதான்: “தென் எனவா, மிஸ்.” இதோ வருகிறோமாம். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, “அதிதி அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்” என்று சொன்னேன். முதல் தடவை எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த தடவைகளில் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

வரவேற்பு நடனத்துக்கு உடுப்புப் போட்ட பிள்ளைகள் வாசலில் மலைக் காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். உள்ளே கூப்பிட்டேன். “திடீரெண்டு வந்தா என்ன செய்யிறது?” என்று சார் திரும்பவும் அவர்களை வெளியே அனுப்பினார். மத்தியானமும் கடந்தது. கைக்குழந்தைகள் அழத் தொடங்கின. பின்னறையில் அவ்வளவு சாப்பாடு இருக்க, மண்டபத்தில் இருந்தவர்களுக்கு வெறும் தேத்தண்ணி கொடுத்தோம். அந்தத் தேத்தண்ணிக் கோப்பைகளை நீட்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், ரோல்ஸையாவது குடுத்துருவோம். பசியில இருக்காங்க.”

“இன்னும் கொஞ்சம் பொறுங்கோ டீச்சர். தலவாக்கலை தாண்டிட்டாராம்.”

இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் அவர் தலவாக்கலையைத்தான் தாண்டியிருந்தார்.

பனிமூட்டம் இறங்கத் தொடங்கிய நேரம், அந்த வெல்டிங் பிள்ளையின் அம்மா எழுந்து மேடைக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் வந்தார்.

“டீச்சர், எங்க பக்கம் போற பின்னேர பஸ்ஸு போயிருச்சுன்னா வேற பஸ் இல்லீங்க. புள்ளையோட பேப்பர இப்பவே குடுத்தீங்கன்னா கெளம்பிருவோம்.”

நான் சாரைப் பார்த்தேன். அவர் ஓடி வந்தார். “அம்மா, அப்பிடிக் குடுக்க ஏலாது. அவர் வந்து தன்ரை கையாலை குடுக்க வேணும். இன்னும் கொஞ்ச நேரம்தான்” என்றார் கெஞ்சுகிற குரலில்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. சாருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். “விடியக்கால பேர் குடுக்க பெரட்டுல நிக்கிறோம் சார். அந்தியில கொழுந்து நிறுக்க நிக்கிறோம். லீவு கேட்டு ஆபீஸ் வாசல்ல நிக்கிறோம். எம் புள்ள படிச்சு முடிச்ச அன்னிக்கும் நிக்கணுமாங்க?”

சார் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து நான் செய்ததைத் தைரியம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அது சுத்தமான எரிச்சல். காலையிலிருந்து பொய் சொல்லிச் சொல்லி எனக்கே என் குரல் பிடிக்காமல் போயிருந்தது. ஒலிவாங்கியை எடுத்தேன். வெல்டிங் பிரிவில் முதலிடம் பெற்றவர் என்று அந்தப் பிள்ளையின் பெயரை வாசித்து, “சான்றிதழை வழங்குபவர் அவருடைய அம்மா” என்று சொல்லிவிட்டேன்.

சார் என்னைப் பார்த்த பார்வையை எழுத வராது.

அந்த அம்மா செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு மேடையேறினார். வேண்டாம் என்று நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல், கைகளைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் சான்றிதழை வாங்கினார். மகள் எதிரில் வந்து நின்றாள். அம்மா நீட்டினார், ஆனால் விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி இருவரும் நின்றார்கள். பிறகு அந்த அம்மா ஒலிவாங்கிப் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலேயே, “எம் மக இரும்ப ஒட்டுறா” என்றார்.

மண்டபம் சிரித்தது. அப்புறம் கைதட்டியது பாருங்கள், நடுங்கிக்கொண்டு வாசலில் நின்ற நடனப் பிள்ளைகள் அதிதி வந்துவிட்டார் என்று நினைத்து ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

அதன் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் பெயர் வாசித்தேன், அப்பாக்களும் அம்மாக்களும் அக்காமார்களும் ஏறி வந்தார்கள். ஒரு அப்பா கைக்குழந்தையை மாற்றிப் பிடிக்க ஆளில்லாமல் சான்றிதழைக் குழந்தையின் கையில் கொடுத்து அண்ணனுக்கு நீட்ட வைத்தார். குழாய் பொருத்தும் பிரிவில் ஒரு பையன் தனியாக ஏறி வந்து நின்றான். அவன் அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். அப்பா இல்லை. என் காதருகில் வந்து, “எனக்கு யாரும் வரல டீச்சர். சார வரச் சொல்றீங்களா?” என்று கேட்டான்.

ஒலிவாங்கியிலேயே கூப்பிட்டேன். மண்டபத்தின் ஓரத்தில் தலையில் கைவைத்து நின்ற சார், கையைக் கீழே இறக்கினார். பிறகு மெதுவாக வந்து ஏறினார். பையன் குனிந்து அவர் காலைத் தொட்டதும் அவருடைய மூக்குக் கண்ணாடி மங்கிப்போனது. அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி, “அடுத்தது ஆர்? கெதியா வாங்கோ, பஸ் போயிடும்!” என்றார்.

துணிகளையும் அவரே இழுத்துப் போட்டார். பெற்றோர் கேட்டைத் தட்டிப் பார்த்தார்கள், வயரிங் பலகையில் சுவிட்சுகளைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். கேக்கை வெட்டினோம். ரோல்ஸை வாயிலும் கையிலும் வைத்துக்கொண்டே எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். பஸ் கிடைத்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் அதிதி வந்துவிட்டாரே!

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன் வாகனங்கள் வந்து நின்றன. மண்டபத்தில் காலி நாற்காலிகள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பேக்கரி மாணவிகள் மட்டும் இருந்தார்கள். எங்கே கூட்டம் என்று செயலாளர் குதித்தார். சார் நடந்ததைச் சொன்னார், பயந்து பயந்துதான் சொன்னார், ஆனால் என் பெயரைச் சொல்லாமல், எல்லாம் தானே செய்ததாகச் சொன்னார்.

செயலாளருக்கு அதெல்லாம் தேவையில்லை. பத்திரிகைக்குப் படம் வேண்டும். கொடுக்கச் சான்றிதழ் ஒன்றுகூட மிச்சமில்லை; என் மாணவிகளுடையதையும் வீட்டார் கொண்டுபோயிருந்தார்கள். அவர் பின்னறைக்குள் போய், கேக் தட்டில் விரிக்கும் எண்ணெய்த்தாளைக் கிழித்து, சுருட்டி, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தார். ஈரக் கையோடு வந்த என் மாணவி ஒருத்தி அதைப் பணிவாகப் பெற்றுக்கொண்டாள். படம் எடுத்தார்கள். பிறகு அதிதி, காலி நாற்காலிகளைப் பார்த்து, மலையக இளைஞர்களின் எதிர்காலம் பற்றிச் சிங்களத்தில் நீண்ட உரையாற்றினார். அதை வரிக்கு வரி தமிழில் மொழிபெயர்த்தது நான். சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரிந்த என் மாணவிகளுக்கு! உரையில், நேரத்தின் அருமை பற்றியும் கொஞ்சம் இருந்தது.

அந்த எண்ணெய்த்தாள் படம் ஒரு பத்திரிகையிலும் வந்தது.

சாருக்கு மேலிடத்திலிருந்து நல்ல திட்டு விழுந்தது. இடமாற்றம் வரும் என்று பயந்தோம், வரவில்லை. அடுத்த வருடம் விழா வந்தபோது மறுபடியும் ஒரு பிரதம அதிதி, மறுபடியும் காலை ஒன்பது மணி. எனக்குத் தலை வலித்தது. ஆனால் சார் என்னைக் கூப்பிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: “டீச்சர், ஒன்பது மணிக்கு ஒத்திகை. ஒத்திகையிலை தாய் தகப்பன்மார் குடுக்கட்டும். சாப்பாடும் ஒத்திகையிலையே. அவர் வரேக்கை வரட்டும், படத்துக்கு நாலு பிள்ளையள் நிண்டாப் போதும்.”

இன்றுவரை எங்கள் நிலையத்தில் அப்படித்தான் நடக்கிறது. மேலிடத்தின் கணக்கில் அது ஒத்திகைதான்.

இப்போதும் எந்த விழாவிலாவது ஒலிவாங்கியில் “இன்னும் சற்று நேரத்தில்” என்று யாராவது தொடங்கினால் எனக்கு எரிச்சல் தலைக்கேறுகிறது. ஆனால் வாசலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நேரத்துக்கு வந்து, நல்ல சேலை கசங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் பார்க்கிறேன். விழாவுக்கு வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிடுகிறது.