சிஸ்டர் வேனின் பின்கதவு

முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் ஊசியும் கொடுக்கவில்லை, கத்தரியும் கொடுக்கவில்லை. வேலை முடிந்த ஒரு கதவுப் பேனலைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னார்கள். பெங்களூரில் பஸ் பாடி கட்டும் ஷெட் அது. எங்கள் தங்கச் சுரங்க ஊரின் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறி தினமும் போய்வந்தேன். ஃபோர்மேன் கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழை வளைத்துப் பேசுவார்.

"ஏன்மா, கைக்கு என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சார்."

"அதான் வேலை. ஸ்க்ரூ தெரியக்கூடாது, ஜாயின்ட் தெரியக்கூடாது. உள்ளே இரும்பு இருக்குதுன்னே பேசஞ்சருக்குத் தெரியக்கூடாது."

அந்த ஷெட்டில் இருந்த அத்தனை வருஷமும் இதைத்தான் செய்தேன். ரிட்டையர் ஆன பிறகு எங்கள் ஊரின் நந்திதுர்க் பகுதியில் என் வீட்டை ஒட்டி ஷெட் போட்டு, ஆட்டோ, கார், ஸ்கூல் வேன் என்று வந்ததற்கெல்லாம் குஷன் தைத்துக் கொடுக்கிறேன். ப்ளைவுட் வேலைக்கு ஜமால் பாய் கூட இருக்கிறார். நான் பேசுகிற பேச்சுக்கெல்லாம் சேர்த்து அவர் பேசாமல் இருப்பார். விமலா கை வைத்தால் ஸ்க்ரூவைத் தேடினாலும் கிடைக்காது என்று ஊரில் பேர். அந்தப் பேர்தான் என்னைக் கவிழ்த்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

வீடாகப் போகிற டப்பா

ஊரின் இன்னொரு பகுதியான பாலகாட்டிலிருந்து ஃபிலோமினா சிஸ்டர் வந்தார். கன்னியாஸ்திரீ இல்லை, ஆஸ்பத்திரி சிஸ்டர். ரிட்டையர் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பின்னாலேயே ஒரு பழைய கூட்ஸ் வேனை ஓட்டிக்கொண்டு அவருடைய வீட்டுக்காரர் அந்தோணிராஜ் வந்தார். தங்க மைன் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர்.

"விமலா, இதை வீடாக்கித் தரணும்" என்றார் சிஸ்டர். "படுக்க பெட்டு, ஒரு சின்ன ஸ்டவ்வு. நைட் ட்யூட்டி பாத்துப் பாத்தே வயசு போச்சு. அவரும் நானும் ஒண்ணா ஒரு ஊருக்கும் போனதில்ல. வேளாங்கண்ணி போணும், கன்னியாகுமரி போணும். எங்க தோணுதோ அங்க நிறுத்திப் படுத்துக்கணும்."

"அண்ணன் இன்னா சொல்றாரு?"

"அவரு சரின்னுட்டாரு. அவரு வராம நான் தனியா போய் இன்னா பண்ணப் போறேன்?"

அந்தோணி அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றார். வண்டிக்குள் ஏறவில்லை. வெளியில் நின்றபடியே பின்கதவை உள்ளேயிருந்து திறக்கும் லீவரை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கூட்ஸ் வண்டி என்றால் உள்ளே வெறும் தகரம். டிரைவர் கேபினுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. பக்கத்தில் இழுக்கிற ஸ்லைடிங் டோர், பின்னால் ரெட்டைக் கதவு. முதலில் துருவைச் சுரண்டி பிரைமர் அடித்தோம். தகரத்தில் இன்சுலேஷன் ஷீட் ஒட்டினோம். வண்டியின் ரிப்புகள் என்கிற இரும்பு வளைவுகள் மேல் ஜமால் பாய் ரீப்பர் என்கிற மரச்சட்டம் அடித்து, அதன் மேல் ப்ளைவுட் ஏற்றினார். வேன் சுவர் எங்கேயும் நேராக இருக்காது, இடுப்புக்கு மேல் உள்ளே சாயும். அதனால் அளவு டேப்பை நம்பக்கூடாது. சார்ட் பேப்பரை வைத்து அழுத்தி, ஓரத்தை நகத்தால் கீறி, அந்த அச்சை வெட்டித்தான் ப்ளைவுட்டை அறுக்க வேண்டும். ப்ளைவுட் மேல் மெல்லிய ஃபோம், ஃபோம் மேல் ரெக்சின். ஒட்டுகிற பசையான சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் நாலே நாளில் கொப்புளம் கிளம்பிவிடும்.

சிஸ்டர் கேட்டது தந்த நிற ரெக்சின். "ஈரத்துணி போட்டுத் துடைச்சா சுத்தமாயிடணும். அழுக்கு சேர்ற மாதிரி ஒரு இடுக்கு இருக்கக்கூடாது." எனக்கு இதைவிடப் பிடித்த ஆர்டர் வாழ்க்கையில் வந்ததில்லை.

அண்ணன் தினமும் வந்தார். பாலகாட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து டீ வாங்கிக் கொடுப்பார். எப்போது பார்த்தாலும் அந்தப் பின்கதவு லீவருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். மிஷின் ஆள், சும்மா இருக்க முடியாது என்று நினைத்தேன். ஒருநாள் சத்தமே போட்டுவிட்டேன்.

"அண்ணா, எண்ணெய்க் கையோட என் ரெக்சின் பக்கம் வராதீங்க. புண்ணியமா போவும்."

கதவுப் பேனலுக்கு அச்சு எடுத்த அன்று அவர் மெல்லக் கேட்டார். "விமலாம்மா, லீவருக்கு ஓட்டை விடலையா?"

"எதுக்குண்ணா? பெட்டு பின்கதவை ஒட்டி வருது. தலைமாட்டுல இரும்பு நீட்டிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்? வெளியிலிருந்து தொறந்துக்கலாம். எறங்கத்தான் சைடு கதவு கீதே."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார்.

கதவுத் தகரத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினேன். அது இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் பேனலில் ஊறி ப்ளைவுட் உப்பிவிடும். கிளிப்புகளை வரிசையாக வைத்துப் பேனலை உள்ளங்கையால் தட்டினேன். டக் டக்கென்று போய் உட்கார்ந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே தந்த நிறம். என் பழைய ஃபோர்மேன் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

டெலிவரி

ஒரு சனிக்கிழமை காலை. சிஸ்டர் புதுப் புடவையில் வந்தார். வேனுக்குள் ஏறி சுவரைத் தடவி, பெட்டில் உட்கார்ந்து, இறங்கி என்னைக் கட்டிக்கொண்டார். "நீங்க ஏறிப் படுத்துப் பாருங்க" என்று வீட்டுக்காரரைத் தள்ளினார்.

அண்ணன் ஏறினார். அதுவரை அவர் உள்ளே ஏறி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. படுத்தார். சிஸ்டர் சந்தோஷத்தில் ஸ்லைடிங் டோரை இழுத்துச் சாத்தினார். "எப்பிடிங்க கீது நம்ம வீடு?"

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. உள்ளே எதுவோ இடித்தது. பிறகு பின்கதவில் பரபரவென்று பிறாண்டும் சத்தம். ஜமால் பாய் ஓடிப்போய் வெளியிலிருந்து பின்கதவைத் திறந்தார். அண்ணன் பெட்டில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. கையில் வீட்டுச் சாவி. பேனலில் ஒரு சாண் நீளத்துக்கு ரெக்சின் கிழிந்து மஞ்சள் ஃபோம் தொங்கிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம். ரெக்சின் போச்சே என்ற கோபம். மனுஷனைப் பார்க்காமல் பேனலைத்தான் பார்த்தேன்.

அவர் இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் நாடியைப் பிடித்தார். "நெஞ்சு வலியா? இன்னாங்க, சொல்லுங்க!"

"வலியெல்லாம் இல்ல பிலோ. கூண்டு நின்ன மாதிரி ஆயிடுச்சு."

மெதுவாகச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால், சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து ஏறும்போது, ஆட்களை மேலே இழுக்கும் கூண்டான கேஜ் இரண்டு லெவலுக்கு நடுவில் நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது. மறுபடி கேஜ் அசைய நெடுநேரம் ஆனது. "யாரும் சாவல. யாருக்கும் அடிகூடப் படல. மேல வந்ததும் எல்லாரும் சிரிச்சிக்கினே டீ குடிக்கப் போயிட்டாங்க. நான் மட்டும் அழுதேன்னு ரொம்ப நாள் கிண்டல் பண்ணாங்க. இதைப் போய் உன்னாண்ட எப்பிடிச் சொல்றது?"

சிஸ்டர் அவரையே பார்த்தார். "வாசக்கதவை ஒட்டிப் படுக்கிறீங்களே, அதுவும் இதுக்குத்தானா? ஷிப்டுக்கு எழுந்து போறப்ப என் தூக்கம் கெடக்கூடாதுன்னு படுக்கிறீங்கன்னு இல்ல நான் நெனச்சேன். மைன் மூடினப்புறமும் பழக்கம் போவலன்னு நெனச்சேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சிஸ்டர் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"விமலா, யாராவது கேட்டா இந்த வண்டியைக் குடுத்துடு. எங்களுக்கு வேணாம்."

குரலில் துளி கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிழிந்த இடம்

அவர்கள் போன பிறகு கிழிந்த பேனலின் கிளிப்பை நெம்பிக் கழற்றினேன். கிழிசலுக்கு நேர் பின்னால் லீவர் இருந்தது. ஒரு விரல்கூடத் தள்ளியில்லை. பயத்தில் அவர் கை சைடு கதவை மறந்து, பழகின லீவரைத்தான் தேடியிருக்கிறது. எண்ணெய் பளபளவென்று அப்படியே இருந்தது.

அந்த மனுஷன் இத்தனை நாள் லீவருக்கு எண்ணெய் விட்டது வேலையில்லாமல் இல்லை. மனைவி ஆசைப்பட்ட ஊர்களுக்குப் போக, தான் உள்ளே படுப்பதற்கு ஒரு வழி செய்துகொண்டிருந்தார். பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, ஓட்டை விடலையா என்று மட்டும் கேட்டார். நான் அழகைக் காட்டி அவர் வாயை அடைத்துவிட்டேன். பஸ்ஸில் பேசஞ்சருக்கு எதை மறைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டவள், படுத்துத் தூங்கப் போகிறவருக்கு எது தெரிய வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. தப்பு என்னுடையது, முழுக்க முழுக்க என்னுடையது.

"பாய், எல்லாத்தையும் கழட்டு" என்றேன்.

ஜமால் பாய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

மறுநாள் நானே பாலகாட் போனேன். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். "அண்ணா, விக்கிறது அப்புறம். அளவெடுக்க ஒரு மணி நேரம் வாங்க. கதவு ஒண்ணையும் சாத்தமாட்டேன், சத்தியமா" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சிஸ்டர் வேண்டாம் என்றார். அண்ணன்தான் செருப்பை மாட்டிக்கொண்டார்.

எல்லாக் கதவும் திறந்திருக்க, அவரைப் பெட்டில் படுக்கவைத்தேன். கையில் ஒரு சாக்பீஸ் கொடுத்தேன். பின்கதவு சாத்தினால் வருகிற இடத்தில் ஜமால் பாய் ஒரு ப்ளைவுட்டைப் பிடித்துக்கொண்டார். "கண்ணை மூடிக்குங்க. கதவைத் தொறக்கணும்னா கை எங்க போவும்? அங்க ஒரு கோடு போடுங்க." போட்டார். புரண்டு படுத்து மறுபடி போட்டார். முகத்துக்கு நேரே கேபின் தடுப்பிலும் பெரிதாக ஒரு கட்டம் போட்டார். "இங்க வெளிச்சம் தெரிஞ்சா நல்லாயிருக்கும்மா." இந்தத் தடவை அவர் ஒன்றும் ஒளிக்கவில்லை.

கோடு போட்ட இடத்துக்கு லீவரிலிருந்து ராடு இழுத்து, உள்ளங்கை நிறையப் பிடிக்கிற மாதிரி பெரிய இரும்புக் கைப்பிடி வைத்தோம். கேபின் தடுப்பை அறுத்து நகரும் கண்ணாடி போட்டோம். கைப்பிடியைச் சுற்றி ஸ்க்ரூ நாலும் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டேன். அந்தப் பேனலில் மட்டும் தந்த நிறத்துக்குப் பதில் கருஞ்சிவப்பு ரெக்சின் ஒட்டினேன், கண் தேடாமலே போய் நிற்பதற்கு.

இரண்டாவது டெலிவரி

இந்த முறை புதுப் புடவை இல்லை. சிஸ்டர் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றார். அண்ணன் ஏறினார். "யாரும் தொடாதீங்க. நானே சாத்திக்கிறேன்" என்று ஸ்லைடிங் டோரை இழுத்துக்கொண்டார்.

பின்கதவு படாரென்று திறந்தது. சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தது, மறுபடி சாத்திக்கொண்டது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பிறகு சத்தமே இல்லை. சிஸ்டர் வெளிக் கைப்பிடியில் கை வைத்துவிட்டார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது.

ஸ்லைடிங் டோர் நகர்ந்தது. அண்ணன் தலையை நீட்டினார். நெற்றியில் வேர்வை இருந்தது, முகத்தில் சிரிப்பும் இருந்தது.

"இன்னா பிலோ, வெளியவே நின்னுக்கினு கீற? செருப்பைக் கழட்டிட்டு மேல வா. வேளாங்கண்ணி முதல்லயா, கன்னியாகுமரி முதல்லயா, அதைச் சொல்லு."

சிஸ்டர் ஏறினார். கதவு உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது. நானும் ஜமால் பாயும் வெளியில் நின்று, எங்கள் ஷெட்டிலேயே விருந்தாளி மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாய் கண்ணைத் துடைத்தார். சொல்யூஷன் நெடி என்றார். நானும் அதையே சொன்னேன்.

அதற்குப் பிறகு எந்த வண்டியானாலும், கடைசிக் கிளிப்பைத் தட்டுவதற்கு முன்னால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் படுக்கிறேன். நீங்களும் படுத்துப் பாருங்கள். அப்போது உங்கள் கை எதைத் தேடுகிறதோ, அதை மூடாதீர்கள்.