செருப்புப் போட்டுத் தொடும் வாஷிங் மெஷின்

இந்த நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்று சாயங்காலம் என் மகள் வள்ளி, என்னுடைய ரப்பர் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாஷிங் மெஷினைத் தொடப் போனாள்.

அவளுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை.

காரணம் சொல்கிறேன். காரைக்குடியில் என் கணவரின் வீடு பங்காளிகளுக்கெல்லாம் பொதுவான பழைய பெரிய வீடு. நாங்கள் புழங்கும் பின்கட்டில் எல்லா பிளக் பாயிண்ட்டிலும் இரண்டு ஓட்டைதான். எர்த் கிடையாது.

பிள்ளை பிறந்ததும் என் அம்மா வீட்டுச் சீராக வந்த மெஷினுக்கு மூன்று பின். கடையில் ஒரு கன்வர்ட்டர் வாங்கி, மூன்றை இரண்டாக்கிச் செருகிவிட்டார்கள். (மூன்று பேர் வந்த விசேஷத்துக்கு இரண்டு இலை போட்ட கதை.)

அன்றிலிருந்து தொட்டால் சுர் என்கிறது. செருப்புப் போட்டால் தெரிவதில்லை. அதனால் செருப்பு வீட்டுப் பழக்கமாகிவிட்டது.

மாமியாரிடம் சொன்னேன்.

"எங்க வீட்டுச் சாமான் எதுவும் கடிக்கலயே. ஒங்க வீட்டுச் சீருதேன் கடிக்குது."

"சீரு மேல குத்தம் இல்ல அத்தை. பாயிண்ட்டுல எர்த் இல்ல."

"பிசிக்ஸ் படிச்ச பொண்ணுன்னுதேன் கட்டிட்டு வந்தோம். துணி தொவைக்கச் சொன்னா பாடம் எடுக்குறீக."

போன வாரம் நானே ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"வோல்டேஜ் சரியாத்தேன் இருக்கு தங்கச்சி. மெஷின்ல கசியிற கரண்ட் எர்த்துல எறங்கணும். இங்க அதுக்கு வழி இல்ல. தொடுற ஆளு வழியாத்தேன் எறங்கும்."

வள்ளி என் இடுப்பில் இருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பின்னால தோட்டத்துல குழி எடுத்து எர்த் போட்டு வயர் இழுத்துறலாம். வீட்டுக்காரக எல்லாரும் சரிங்கணும்ல?"

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் கணவருக்குப் போன் போட்டேன்.

"பொது வீட்டுல ஆணி அடிச்சாலே கேள்வி கேப்பாக. பொங்கலுக்கு எல்லாரும் வருவாகல்ல, அப்பப் பேசுவோம். அதுவரைக்கும் செருப்புப் போட்டுக்க."

இன்று சாயங்காலம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரை முழுக்கத் தண்ணீர்.

"வள்ளி, அங்க என்ன செய்யிறே?"

"சுர்ரு" என்று மெஷினைக் காட்டினாள். அப்புறம் பெருமையாகக் காலைக் காட்டினாள்.

காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்று வழியிலேயே கழன்று கிடந்தது.

கை மெஷினுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது தூக்கிவிட்டேன்.

"எம்புட்டு வெவரம் பாரு எம் பேத்திக்கு" என்று அத்தை சிரித்தார்கள்.

எல்லோரும் படுத்த பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வயரைக் கத்தரியால் வெட்டிவிட்டேன். வெட்டிய பிளக் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

காலையில் அத்தை பார்ப்பார்கள். ஒரு டேப்பும் பழைய பிளக்கும் இருந்தால் யாரும் ஒட்டுப் போட்டு ஓட்டிவிடலாம் என்று எனக்கும் தெரியும்.

பொது வீட்டில் பங்காளிகளைச் சம்மதிக்க வைத்து எர்த் போட்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? என்ன சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள்?

விடிவதற்குள் பதில் போடுங்கள்.